ஆசிரியர் மாணவரான நாள்

1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். ஆசிரியருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவர். என்னென்ன நூல்கள் கற்றீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பு இல்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடையாயிற்று.

அந்த ஆசிரியரே பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றும் உ.வே. சாமிநாதையர்.

கல்லூரியில் ஆசிரியர் பதவி கிடைத்த ஆண்டு அது. அக்கேள்வியை அவர் அவமதிப்பாகக் கருதி விலகியிருக்கலாம். அவரோ முதலியாரிடமிருந்த பிரதியைப் பெற்று, அவரோடு சேர்ந்தே படிக்கத் தொடங்கினார். சொல் விளங்கிய இடங்களிலும் சமயக் கருத்து விளங்கவில்லை. அது சைன காப்பியம், இவரோ சைவ நூல்களில் ஊறியவர். எனவே கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே அவர் கண்டது என்ன? தாம் பெயரளவிலேயே அறிந்த நூலை, அம்மக்கள் வீட்டில் கூடியிருந்து முறையாகப் படித்து, படித்து முடித்ததை விழாவாகவும் கொண்டாடினர். கல்லூரி ஆசிரியர் அவர்கள்முன் மாணவராக அமர்ந்தார். ஏட்டுச் சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கி, 1887-இல் சிந்தாமணியை அச்சேற்றினார்.

அத்துடன் அவர் கற்றல் முடியவில்லை. மணிமேகலைக்காகப் பௌத்த சமயக் கருத்துகளை உடன் பணியாற்றிய பேராசிரியர் ரங்காசாரியரிடம் கேட்டறிந்தார். அந்நூல் 1898-இல் வெளிவந்தது. குறுந்தொகையை உரையுடன் 1937-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 82.

இவ்வரலாறு நம் மனச்சான்றைத் தொடுகிறது. பட்டம் பெற்றதும் புத்தகத்தை மூடிவிடும் மாணவரை நாம் கடிந்துகொள்கிறோம். ஆனால் குருமடத்தில் கற்ற நூல்களைப் பெட்டியில் பூட்டிவிட்டு, பழைய குறிப்புகளைக் கொண்டே ஆண்டுதோறும் மறையுரை ஆற்றிய நாள்கள் நமக்கும் இல்லையா? கற்பிப்பவர் கற்பதை நிறுத்தும்போது, அவர் சொல்லும் உண்மைகூடக் கேட்போருக்குச் சலிப்பூட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. சைன இல்லங்களில் சிந்தாமணி வாழ்ந்திராவிட்டால், சாமிநாதையர் யாரிடம் ஐயம் தெளிந்திருப்பார்? அறிஞரின் உழைப்பு பெரிது. எளிய குடும்பங்கள் விடாது படித்துக் காத்த அறிவும் அதற்குக் குறைந்ததன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டையும், பிற சமயங்களோடு நமக்குள்ள உறவு பற்றிய ஏட்டையும் 1965 அக்டோபர் 28 என்னும் ஒரே நாளில் வெளியிட்டது. கற்பதும் பிறரிடம் பணிந்து கேட்பதும் பிரிக்க இயலாதவை என்பதற்கு இதனை ஓர் அடையாளமாகவே நாம் கொள்ளலாம்.

நம் இல்லங்களில் பெரியோரும் சிறுவரும் கூடி ஒரு நூலைத் தொடக்கமுதல் முடிவுவரை படித்து எத்தனை ஆண்டுகள் ஆயின? இந்த வாரம் ஒரு மாலையை அதற்கென ஒதுக்குவோம். புரியாத இடம் வந்தால், நம்மினும் இளையவரேயாயினும், மாற்றுச் சமயத்தவரேயாயினும், அறிந்தவரைத் தேடிச் சென்று கேட்போம். தெரியாது என்று சொல்ல நாணாத ஓர் இளைஞராலன்றோ, மறைந்து கிடந்த சிந்தாமணி நம் கைக்கு எட்டியது!