கட்டிப்போட்ட குதிரையும் எமது பழைய பெருமையும்



மீலாத் மேடைகளிலும் பாடசாலை விழாக்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வாசகம் உண்டு: “எமது முன்னோர் அரபுக் குதிரைகளைக் கப்பலேற்றி வந்த வணிகர்கள்.” கைதட்டுவோம், அத்தோடு விட்டுவிடுவோம். அந்தக் குதிரைகள் கரையிறங்கிய பின் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. இப்போது பல்லேகமவில் மாரி. ரிவர்ஸ்டன் பக்கம் மூடுபனி, பாதையெல்லாம் சேறும் அட்டையும். மனிதனே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் இந்த நாட்களில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பேசுவோம்.

முதலில் குதிரையைப் பற்றி ஒரு அடிப்படை விடயம். குதிரை நிற்பதற்குப் படைக்கப்பட்ட பிராணி அல்ல, நடப்பதற்குப் படைக்கப்பட்டது. வெளியில் விட்டால் மேய்ந்துகொண்டே நாளின் பெரும்பகுதி நடக்கும். அதன் குளம்பின் அடியில் மெத்தை போன்ற ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது அழுந்தி, காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாட்கணக்கில் கட்டிப்போட்டால் கால்கள் வீங்கும், குடல் மந்தமாகி வயிற்று வலி வரும். வேலையில்லாத நாளிலும் தானியத்தை வழமைபோல் கொடுத்துவிட்டு மறுநாள் திடீரென ஓடவிட்டால் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் வண்டி இழுத்த குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு. திங்கள் காலையில் இந்த நோய் வரும் என்பதால் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 13ஆம் நூற்றாண்டின் பாண்டிய நாட்டுக்கு வாருங்கள். அரபிகள் அந்தக் கரையை மஃபர் என்றார்கள். தாமிரபரணி கடலில் சேரும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தில் ஹுர்முஸ், கைஸ், ளுஃபார், ஏடன் பக்கக் கப்பல்கள் குதிரைகளை இறக்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்குத் தருகிறார். கைஸ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தன் சொந்தக் குதிரைகளில் மட்டும் ஆண்டுக்கு 1,400 அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தீனார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் பணம் கொடுக்க வேண்டும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடமே அமைச்சராக இருந்தார். அக்காலத்தில் எமது வணிகர்களுக்கு அங்கே இருந்த செல்வாக்கு அவ்வளவு.

வாங்கியவர்கள் குதிரையை எப்படி வைத்திருந்தார்கள்? அதையும் வஸ்ஸாஃபே சொல்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியமும் நெய் சேர்த்த உணவும் கொடுத்தார்கள், குடிக்கக் காய்ச்சிய பால் வைத்தார்கள். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் கயிறும் முளையும் போட்டு இலாயத்தில் கட்டி வைத்தார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல் ஏறி விரட்டினார்கள். கொஞ்ச நாளில் மிகச் சிறந்த குதிரையும் சோர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போனது. உணவு கூடி உழைப்பு இல்லாத நாற்பது நாள், அதன்பின் திடீர் ஓட்டம். நாம் மேலே சொன்ன திங்கட்கிழமை நோய்க்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

1290களில் அந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இதையேதான் எழுதுகிறார். அங்கே ஆண்ட ஐந்து சகோதர அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரை வரை வாங்கினார்கள். ஆண்டு முடியும்போது மிஞ்சியது சொற்பம். சமைத்த சோறும் இறைச்சியும் குதிரைக்குத் தீனியாம். ஆனால் போலோ இன்னொன்றும் சொல்கிறார், அதுதான் எம்மைச் சுடுவது: குதிரை பராமரிக்கத் தெரிந்தவர்களையும் லாடம் அடிப்பவர்களையும் அங்கே போகவிடாமல் வணிகர்களே தடுத்தார்களாம். குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

போலோ வெனிஸ் வணிகர். போட்டியாளர்களைப் பற்றி அவர் காதில் விழுந்த வம்பாகவும் இது இருக்கலாம். வஸ்ஸாஃப் இந்தக் குற்றத்தைச் சொல்லவில்லை. மஃபரின் வெப்பமும் ஈரமும், ஏற்ற புல் இல்லாததும் குதிரைக்கு ஒத்துவரவில்லை என்பதும் உண்மை. ஆகவே பழி முழுவதையும் வணிகர் தலையில் போட முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அரசவையில் அமைச்சர் பதவிவரை எட்டிய ஒரு கூட்டம், குதிரையோடு குதிரை வளர்க்கும் அறிவையும் கொடுத்திருந்தால் இத்தனை உயிர்கள் வீணாகியிருக்குமா? செத்த குதிரைக்கும் காசு கிடைக்கும் என்ற ஒப்பந்தம், உயிரோடு காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தைக் குறைக்காதா?

ஏனென்றால் அந்த அறிவு எம்மிடம் இல்லாமல் இல்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்றப்படாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் மட்டும். எவ்வளவு நுட்பம் பாருங்கள்! உடம்பு தயாராகாத குதிரையை நீண்ட தூரம் விரட்டவில்லை. அந்தப் பயிற்சிக்கு அரபியில் தள்மீர் என்று பெயர். முதலில் நன்றாகத் தீனி கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்து, உடலை இறுக்குவது. பெரிய திடலோ கூரை போட்ட மைதானமோ இதற்குத் தேவையில்லை. ஒழுங்கும் கவனமும் போதும். வாயில்லாப் பிராணிகள் விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சும்படி நபியவர்கள் எச்சரித்ததும் எமக்குத் தெரியும்.

இன்றும் மாரியில் குதிரை வைத்திருப்பவர் செய்ய வேண்டியது இதுதான். ஓடவிட இடம் இல்லையென்றால் கையில் பிடித்து நடக்கவிட வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, காலையும் மாலையும். ஏற்றமான பாதையில் மெதுவாக ஏற்றினால் குறைந்த தூரத்திலேயே நல்ல உழைப்பு கிடைக்கும். நீளக் கயிற்றில் வட்டமாக நடக்கவிடலாம், ஆனால் ஒரே பக்கமாகச் சுற்றாமல் இரு பக்கமும் மாற்ற வேண்டும், வழுக்கும் சேற்றில் கூடாது. வெளியே போக முடியாத நாளில் தானியத்தைக் குறைத்து, புல்லையும் வைக்கோலையும் கூட்ட வேண்டும். நனைந்த குளம்பைத் துடைத்து, அடியில் அப்பிய சேற்றைக் கிண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகல் பிடிக்கும்.

இலங்கைக்கும் குதிரைக்கும் உறவு பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தை 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்ட தமிழர்களான சேனனும் குத்திகனும் குதிரை வணிகர் ஒருவரின் பிள்ளைகள் என்கிறது மகாவம்சம். நெடுந்தீவில் ஒல்லாந்தர் கட்டிய குதிரை இலாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அங்கு கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டின்றி அலைகின்றன. கோடையில் தண்ணீருக்குத் தவிக்கும், ஆனால் நடக்க இடமில்லை என்ற குறை அவற்றுக்கு இல்லை.

எமது மலைநாட்டில் கதை வேறு. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், இந்நாட்டு விலங்குகளைப் பட்டியலிடும்போது குதிரை இங்கு இல்லை என்று எழுதினார். குதிரை என்றால் அரசனின் இலாயத்தில் மட்டும்தான். அதற்கு முன்னர் 1344இல் வந்த இப்னு பதூதாவும் பாவா ஆதம் மலைக்குப் போனது குதிரையில் அல்ல, ஆட்கள் சுமந்த பல்லக்கில். இந்தச் செங்குத்தான காட்டுப் பாதைகளில் குதிரையின் வேலையைச் செய்தது பொதிமாடு. உப்பு, கருவாடு, துணி மேலே வந்தன. பாக்கும் மிளகும் கீழே போயின. சிங்களத்தில் தவலம என்று சொல்லும் அந்தப் பொதிமாட்டு வரிசைகளை நடத்தியவர்களில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். கண்டி அரசர்கள் மாட்டுப் போக்குவரத்துக்கென ‘மடிகே பத்த’ என்ற தனிப் பிரிவையே வைத்திருந்தார்கள். அதில் எம்மவர் பெற்ற இடத்தைப் பேராசிரியர் லோர்ணா தேவராஜா 1994இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியுள்ளார். மடிகே என்ற பெயர் கலகெதரப் பக்கத்தில் இன்றும் ஊர்ப் பெயராக இருக்கிறது.

காயல் குதிரை வியாபாரிக்கும் மலைநாட்டுப் பொதிமாட்டுக்காரருக்கும் உள்ள வேறுபாட்டை யோசித்துப் பாருங்கள். முன்னவர் விற்றுவிட்டுக் கப்பலேறிவிடுவார். பின்னவர் தன் மாட்டோடு தானும் நடந்தார். மாடு நொண்டினால் அவரது பிழைப்பும் நொண்டும். முதுகில் புண் வந்தால் அவரே மருந்து போட வேண்டும். மாரியில் ஆறு பெருகி வழி அடைபட்டாலும் மாட்டைப் பட்டினி போடவோ மறந்துவிடவோ முடியாது. குதிரை வியாபாரம் எமக்குப் புகழைத் தந்தது. ஆனால் அயல் கிராமத்துச் சிங்கள மக்களின் நம்பிக்கையை எமக்குச் சம்பாதித்துத் தந்தது, விலங்கோடு சேர்ந்து நடந்த அந்தக் கால்கள்தான். எமது பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் வரலாற்றில் முதலாவது மட்டும் இருக்கிறது, இரண்டாவது காணாமல் போகிறது.

அது காணாமல் போவதற்கு இப்போது இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஜூலையில் களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கிய பின் பழைய பல்லேகம நகரம் தண்ணீருக்குள் போனது. மக்கள் புதிய லக்கல நகருக்கு வந்தார்கள். வீட்டுக்கு நட்டஈடு உண்டு, காணிக்குக் காணி உண்டு. பழைய ஒற்றையடிப் பாதைக்கும் அதில் நடந்தவர்களின் கதைக்கும் யார் நட்டஈடு தருவார்? இந்தப் பாதைகளை நேரில் கண்ட மூத்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மழையால் எல்லோரும் வீட்டில் இருக்கும் காலம் இது. உங்கள் வாப்பும்மா, மூத்தாப்பா, பக்கத்து வீட்டு ஆச்சி அம்மா, யாராக இருந்தாலும் சரி, பொதிமாடு பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். எந்த ஆற்றை எங்கே கடந்தார்கள், எங்கே இரவு தங்கினார்கள், மாட்டுக்கு என்ன மருந்து கட்டினார்கள் என்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அறிவும் குதிரையைப் போலத்தான், கட்டிப் போட்டால் கெட்டுவிடும். எமக்குத் தெரிந்ததை அடுத்தவருக்கும் கொடுக்கும் மனதை அல்லாஹ் எம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.