பொருள்களின் கதை – 14: கந்தகம் போட்ட முடிச்சு

நெடுஞ்சாலையோர டயர் கடைகளின் பலகையில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வல்கன் என்பது ரோமானியர்களின் நெருப்புக் கடவுள். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு அவர் பெயரை வைத்தது லண்டன்காரர்கள். ஆனால், அந்த முறையைக் கண்டுபிடிக்கப் பட்டினி கிடந்தது அமெரிக்காவில் ஒரு குடும்பம்.

1830களில் அமெரிக்காவில் ரப்பர் மோகம் தலைக்கேறியிருந்தது. பிரேசில் காட்டு மரங்களின் பாலில் காலணியும் மழைக்கோட்டும் செய்து விற்றார்கள். குளிர்காலம் வந்ததும் அவை விறைத்துப்போயின. கோடையிலோ இளகிப் பிசுபிசுத்து, நாற்றம் தாங்க முடியவில்லை. பாஸ்டனை அடுத்த ராக்ஸ்பரியில் இருந்த பெரிய கம்பெனியே, திரும்பி வந்த சரக்கைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று.

1834இல் அந்தக் கம்பெனியின் நியூயார்க் கடைக்குள் நுழைந்தவர் சார்லஸ் குட்இயர். வயது 33. இரும்புச் சாமான் வியாபாரத்தில் நொடித்துப் போனவர். வேதியியல் படித்தவர் இல்லை. ரப்பரின் இந்தக் குறையைத் தீர்ப்பதே தன் வேலை என்று அன்று முடிவெடுத்தார். கடனுக்காகச் சிறையில் அடைத்தபோது அங்கேயும் ரப்பரைப் பிசைந்துகொண்டிருந்தார். மக்னீசியா கலந்தார், சுண்ணாம்பில் வேகவைத்தார், நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தார். ஒவ்வொரு முறையும் வெற்றி என்று நம்பினார். அரசு ஆர்டரின் பேரில் செய்த 150 தபால் பைகளும் வெயிலில் கெட்டழிந்தன. வீட்டில் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள்வரை விற்றாயிற்று.

நதானியல் ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகத்தைச் சேர்த்து வெயிலில் காயவைத்தால் பிசுபிசுப்பு குறைவதைக் கண்டிருந்தார். அவரிடமிருந்து அந்த உரிமையை குட்இயர் வாங்கினார். 1839இல், மாசசூசெட்ஸின் வோபர்ன் ஊரில், கந்தகம் கலந்த துண்டு ஒன்று கொதிக்கும் அடுப்பில் பட்டுவிட்டது. உருகி ஒழுகியிருக்க வேண்டும். உருகவில்லை, தோல் போலக் கருகியது. கருகிய இடத்தை ஒட்டி மெல்லிய ஓரம் ஒன்று கருகாமல், ஒட்டாமல், இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பியது. அந்தத் துண்டை இரவுக் குளிரில் வெளியே ஆணியடித்து வைத்தார். காலையிலும் அது விறைக்கவில்லை. இதை வெறும் விபத்து என்று பிறர் சொன்னதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஐந்தாண்டுகள் அதே நினைப்பாகக் கிடந்தவருக்கன்றி, வேறு யாருக்கு அந்த ஓரம் கண்ணில் பட்டிருக்கும்?

அடுப்பில் உண்மையில் என்ன நடந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான ஐசோப்ரீன் அலகுகள் கோத்த நீளமான சங்கிலிகளின் குவியல். அந்த உண்மையை ஹெர்மன் ஸ்டாடிங்கர் சொன்னதே 1920இல்தான். முடிச்சில்லாத நூல்குவியலை இழுத்தால் இழை இழையாக வழுக்கி வந்துவிடும். பச்சை ரப்பர் வெயிலில் இளகுவது அப்படித்தான். வெப்பத்தில் கந்தக அணுக்கள் பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையே பாலமாக நின்று முடிச்சுப் போடுகின்றன, குவியல் வலையாகிவிடுகிறது. வலையை இழுக்கலாம், அகலும்; விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும். முடிச்சுகள் நிறைய வேண்டியதில்லை. சில நூறு அலகுகளுக்கு ஒன்று போதும். கந்தகத்தை மூன்றில் ஒரு பங்குவரை ஏற்றினால் நெகிழ்வு முழுக்கப் போய்விடும். பழைய பேனாக்களின் கறுப்பு எபோனைட் அப்படி வந்ததுதான்.

காசு மட்டும் அவருக்கு ஒட்டவில்லை. இங்கிலாந்துக்கு அவர் அனுப்பிய மாதிரித் துண்டுகள் தாமஸ் ஹான்காக்கின் கைக்குப் போயின. ஹான்காக் தானும் சோதனைகள் செய்து, 1843 நவம்பரில் அங்கே முந்திக்கொண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குட்இயருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1844 ஜூன் 15 அன்று. 1852இல் வழக்கறிஞர் டேனியல் வெப்ஸ்டர் வாதாடி, அந்தக் காப்புரிமையை மீறியதற்கான வழக்கை வென்றுகொடுத்தும் கடன் தீரவில்லை. 1855இல் பிரான்ஸ் அவருக்கு லீஜன் ஆஃப் ஹானர் விருது தந்தபோதும் அவர் பாரிஸில் கடனாளிகள் சிறையில்தான் இருந்தார். 1860இல் இறந்தபோது சுமார் 2 லட்சம் டாலர் கடன் மிச்சம். அவர் பெயர் தாங்கிய டயர் கம்பெனி 1898இல் வேறொருவர் தொடங்கியது. குடும்பத்துக்கு அதில் பங்கில்லை.

முடிச்சு விழுந்த ரப்பருக்கு உலகமெங்கும் கிராக்கி கூடியது. காட்டு மரங்கள் போதவில்லை. 1876இல் ஹென்றி விக்கம் சுமார் 70,000 விதைகளை பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்த நாற்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறின. அவற்றின் வழிவந்த தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)