கணினியும் தமிழெழுத்தும்

புந்தோங்கிலும் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களிலும் சங்கம் நடத்திய தோழர்கள் பலர் உண்டு. அவர்கள் 1990-களில் கணினியில் எழுதி வைத்த அறிக்கைகளை இன்று திறந்து பார்த்தால், எழுத்துக்குப் பதிலாக அலங்கோலமான குறிகளே தோன்றுவதுண்டு. இதைக் கண்டு, தமிழ் கணினிக்கு ஒவ்வாத மொழியென்று சொல்வோரும் உளர். அது வெறும் அறியாமையேயாகும்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இந்த எண் இந்த எழுத்து என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அவ்வுடன்பாடு அந்நாளில் நம்மிடம் இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தனர். இந்நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டிற்குப் பின் டாம், டாப் என்ற குறிமுறைகள் ஏற்பட்டன. டிஸ்கி என்பதும் வழங்கிற்று. குறைந்ததேயன்றிக் குழப்பம் தீரவில்லை.

உலக மொழிகள் யாவற்றுக்கும் ஒரே அட்டவணை வேண்டுமென்று எழுந்த யூனிகோடின் முதற்பதிப்பு 1991-இல் வெளியாயிற்று. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டில் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூ.டி.எப்.-8 முறையை வகுத்தனர். அம்முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளில் அடங்கும். 'கை' என்பது ககர மெய்யும் அகரமும் சேர்ந்த குறியொன்றும், ஐகாரக் குறியொன்றுமாக ஆறு பைட்டுகளைக் கொள்ளும்.

லினக்ஸில் மொழி வேறு, நாட்டு வழக்கம் வேறு. சொற்களைத் தமிழில் காட்டச் செய்து, பணத்தையும் தேதியையும் மலேசிய வழக்கப்படி அமைக்கலாம். ரிங்கிட்டில் கணக்கெழுதும் நமக்கு இது பெரிய வசதி. அமைப்பு யூ.டி.எப்.-8 ஆக இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சரியான எழுத்தும் கோணலாகவே தெரியும்.

பழைய கோப்புகளின் கதி என்ன? டிஸ்கியில் எழுதியவற்றை லினக்ஸின் ஐகான்வ் என்னும் கருவியே யூனிகோடுக்கு மாற்றித் தரும். மற்ற எழுத்துருக்களில் எழுதியவற்றுக்கு, அந்த எழுத்துரு இன்னதென்று தெரிந்தாலே வழி பிறக்கும். அதைத் தெரிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே தோழர்களே, தோட்டங்கள் அழிந்த பின் அவற்றின் சரித்திரம் இக்கோப்புகளில்தான் எஞ்சியிருக்கிறது. குறிகள் கெட்டுவிட்டனவென்று அவற்றைக் குப்பையில் எறிவது நம் பெற்றோரின் உழைப்பையே எறிவதாகும். இன்றே ஒரு கோப்பையாவது மாற்றி வைப்போமாக!