உப்புக் காற்றும் மின் இணைப்பும்

தூத்துக்குடியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், முத்துக்குளிப்பையும், 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனியையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, இந்நகரத்தாரின் கதவுக் கீலிலும் ஜன்னல் கம்பியிலும் இரவு பகலாக வேலை செய்துகொண்டிருக்கும் உப்பை உப்பளக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மின்சாரத்திற்கு இக்கரையில் வாய்த்த ஜன்ம விரோதி அந்த உப்பே.

இவ்விரோதம் தந்திக் காலத்திலேயே வெளிப்பட்டது. இந்தியாவையும் இலங்கையையும் தந்தியால் பிணைக்க 1858-இல் பாக் ஜலசந்தியில் கம்பி இறக்கினார்கள். செம்புக் கம்பியின்மேல் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலைப் பூசி, அதைச் சுற்றி இரும்புக் கம்பியால் கவசமிடுவது அக்காலத்துக் கடற்கம்பிகளின் பொது லட்சணம். பூச்சில் சிறு துளை விழுந்தால் போதும். உப்புநீர் உட்புகுந்து, மின்சாரம் சமுத்திரத்தில் கசிந்துவிடும். கண்ணுக்கெட்டாத ஆழத்தில் பழுது எவ்விடம் என்று அறிய அக்காலத்துத் தந்தி நிபுணர்கள் கம்பி முழுவதையும் தூக்கிப் பார்க்கவில்லை. ஒரு மைல் செம்புக் கம்பியின் மின்தடை இவ்வளவு என்று முன்னரே குறித்து வைத்திருந்தமையால், கரையில் அமர்ந்தபடியே தடையை அளந்து, தூரத்தைக் கணித்து, அவ்விடத்திற்குக் கப்பலை அனுப்பினார்கள். அவ்வளவைக்கு உதவிய சாதனத்தை வீட்ஸ்டன் பாலம் என்பர். உண்மையில் 1833-இல் அதைக் கண்டவர் கிறிஸ்டி, 1843-இல் அதைப் பிரபலப்படுத்திய வீட்ஸ்டனே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார், உலகந்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

பிற்காலத்தில் உப்பெனும் இவ்விரோதியை ஆராயவும் ஸ்தாபனம் ஏற்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அஸ்திவாரமிட்டு, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கிளைகள் அமைத்து, கடலும் கடற்காற்றும் உலோகத்தை அரிக்கும் விதத்தைப் பரிசோதித்து வருகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்வதால், மழையில்லா நாளிலும் உப்புப் படிந்த இடம் கசிந்தே இருக்கும்.

இன்றைய மின்சார பைக்குகளுக்கு வரும் பிணியும் இந்த உப்பீரத்தாலேயே. பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் இடையே ஓடும் வயர்கள் கனெக்டர்களில் கூடுகின்றன. அங்குள்ள பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டால், நிற்கும் வண்டியில் வோல்ட் குறையாமல் காட்டும் மீட்டர், ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் சரிந்துவிடும். ஓர் ஓமில் பத்திலொரு பங்கு தடை அற்பமாகத் தோன்றலாம். 20 ஆம்பியர் பாயும்போது அதுவே 2 வோல்ட்டை விழுங்கி, 40 வாட் உஷ்ணமாகி, கனெக்டரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மோட்டாரின் சுழல்நிலையைக் கண்ட்ரோலருக்கு அறிவிக்கும் ஹால் சென்சாரிலிருந்து வரும் ஐந்து மெல்லிய வயர்களில் ஒன்று விட்டுப்போனாலோ, சக்கரம் உருளாமல் உதறும். பிரேக் சுவிட்ச் ஈரம் கோத்து ஒட்டிக்கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாகவே எண்ணி கண்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் விடாது.

கைதேர்ந்த மெக்கானிக் மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியில் வைத்துத் திருப்தியடைவதில்லை; ஒரே வயரில் கனெக்டருக்கு முன்னும் பின்னுமாக வைத்து, வண்டி சுமையோடு இழுக்கும்போது பார்க்கிறார். நல்ல இணைப்பானால் ஏறக்குறைய பூஜ்யம். முள் நகர்ந்தால் பழுது அங்கே. கடற்கம்பியைச் சோதித்தவர்களின் வித்தையும் இதற்கு வெகுதூரமில்லை.

ஆகையால், வண்டி நின்றதுமே பேட்டரியை மாற்று, கண்ட்ரோலரை மாற்று என்பவர் பேச்சைக் கேட்டுப் பணத்தைக் கொட்டுமுன், சாவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். களிம்பிருந்தால் கான்டாக்ட் கிளீனரால் போக்கி, ஈரம் போக உலர்த்திப் பொருத்துங்கள். பித்தளைப் பின் கருகியிருந்தால் துடைப்பதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.