யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிறிஸ்தவச் சபைகளின் மாறும் அமைப்பு: அமெரிக்க மிஷன் வழிவந்த சபையை முன்வைத்து

இலங்கைக் குடிசன மதிப்பீடு கிறிஸ்தவர்களை உரோமன் கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர் என இரண்டாகவே பிரிக்கிறது. 2012ஆம் ஆண்டின் கணக்குப்படி நாட்டு மக்களில் முன்னவர் ஏறத்தாழ 6.2 வீதம், பின்னவர் 1.4 வீதம். அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை, பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடெல்லாம் 'ஏனைய' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. சுன்னாகத்திலிருந்து சில கட்டை தூரத்துக்குள் இருக்கும் உடுவில், தெல்லிப்பழை, மானிப்பாய் ஆகிய மூன்றும் அமெரிக்க மிஷனின் பழைய நிலையங்கள். ஆயினும் அந்த மிஷனின் வழிவந்தோர் எத்தனை பேர் என்பதை அரசாங்கக் கணக்கிலிருந்து அறிய வழியில்லை. சபைகளின் ஏற்ற இறக்கத்தை அவற்றின் கையிலிருந்த உத்தியோகம், பள்ளிக்கூடம், கலியாணம் என்பவற்றின் வரலாற்றிலிருந்தே ஊகிக்க வேண்டியுள்ளது. கோட்பாட்டு வேறுபாடுகள் இங்கு மிகக் குறைவாகவே விளக்குகின்றன.

ஒல்லாந்தர் காலம் இதற்கு முதற் சான்று. 1658இல் யாழ்ப்பாணம் அவர்கள் வசமானபின் ஞானஸ்நானமும் பாடசாலைத் தோம்பில் பெயர்ப்பதிவும் உத்தியோகத்துக்கும் திருமணப் பதிவுக்கும் திறவுகோலாயின. தோம்பில் பெயர் பெருகிற்று. வீட்டில் விபூதி நிற்கவில்லை. பிரித்தானியர் ஆட்சியில் அக்கட்டாயம் நீங்கியதும் ஒரு தலைமுறைக்குள் சீர்திருத்தச் சபை பெரும்பாலும் பெயரளவில்கூட மிஞ்சவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கமோ நிலைத்தது. 1687இல் மறைவாக வந்த யோசேவ் வாஸ் அடிகள் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். கரையோர ஊர்களில் கோயிலும் உறவுமுறையும் தொழிலும் ஒன்றாகப் பிணைந்திருந்தமையால், அங்கே சமயத்தை விடுவது ஊரையே விடுவதாக இருந்தது. அரச ஆதரவு இல்லாத சபையே எஞ்சியது என்பதைத் தற்செயலாகக் கொள்ள முடியாது.

1816இல் தெல்லிப்பழையில் டானியல் பூவரும் வட்டுக்கோட்டையில் அவருடைய தோழர்களும் தொடங்கிய அமெரிக்க மிஷன் கட்டாயத்தைக் கைக்கொள்ளவில்லை, கல்வியைக் கைக்கொண்டது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. உடுவிலில் படித்த பெண் கிறிஸ்தவ மாப்பிள்ளையை மணக்கும்போது மிஷன் சீதனமும் கொடுத்தது. வேளாளச் சமூகத்தில் ஒரு சபை நிலைபெறச் சீதனத்திலும் கைவைக்க வேண்டும் என்பதை அந்த அமெரிக்கர் விரைவிலேயே புரிந்துகொண்டது வியப்புக்குரியது. ஆனால் செமினரி தந்த ஆங்கிலம் உத்தியோகத்துக்குப் பயன்பட்ட அளவுக்குச் சபைக்குப் பயன்படவில்லை. 1855இல் பொஸ்ரன் தலைமையகத்திலிருந்து வந்த தூதுக்குழு அதை மூடியது. செமினரியில் கற்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் பின்னர் சைவத்துக்கே மீண்டனர். தாமோதரம்பிள்ளை ஏழாலையில் சைவப் பாடசாலையும் நிறுவினார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அங்கே கற்பித்தார்.

நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடக்கிய சைவப் பாடசாலை முயற்சி, கந்தரோடையில் ஒரு பாடசாலை 1894, தெல்லிப்பழையில் மகாஜனா 1910, மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி 1913 எனச் சுன்னாகத்தின் அயலிலேயே விரிந்தது. ஆங்கிலக் கல்விக்காக மதம் மாற வேண்டிய தேவை அத்துடன் குறைந்தது. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது கிராமப் பாடசாலைகளும் ஆசிரிய நியமனமும் சபையின் கையைவிட்டுப் போயின. உடுவில் மகளிர் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில தனியார் பாடசாலைகளாக நின்றன.

சபை ஒன்றிப்பு முயற்சிகள் வேறொரு திசையில் சென்றன. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையும், 1947இல் தென்னிந்திய திருச்சபையும் உருவாகின. அமெரிக்க மிஷன் சபைகள் பின்னதன் யாழ்ப்பாண ஆதீனமாயின. சபாபதி குலேந்திரன் முதற் பேராயர். இலங்கை அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் சேரவில்லை. இலங்கைக்கென வகுத்த ஐக்கியத் திட்டமும் 1970களின் தொடக்கத்தில் வழக்கில் சிக்கி நின்றது. ஒன்றுசேர்க்க எழுந்த அமைப்பு யாழ்ப்பாணத்தில் இன்னொரு தனிச் சபையாகவே முடிந்தது. அதிலிருந்தும் ஒரு பகுதியினர் பிரிந்து அமெரிக்க இலங்கை மிஷன் என்ற பழைய பெயரை ஏற்றுள்ளனர். யுத்தமும் புலம்பெயர்வும் படித்த குடும்பங்களைக் கொழும்புக்கும் கனடாவுக்கும் கொண்டுசென்றன. அவர்கள் விட்ட இடத்தில் பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள் வளர்ந்தன. இவற்றிடம் பாடசாலையும் இல்லை, உத்தியோகமும் இல்லை. நோய், பிரிவு, வறுமை ஆகியவற்றின் மத்தியில் செபமும் கூட்டுறவும் உண்டு.

மிஷனரிமாரை அனுப்பிய நாட்டின் நிலை ஒப்பிடத்தக்கது. நியூ இங்கிலாந்தின் கொங்கிரிகேஷனல் சபைகளில் பெரும்பாலானவை 1957இல் ஐக்கிய கிறிஸ்து சபையில் இணைந்தன. அப்போது ஏறத்தாழ இருபது இலட்சமாக இருந்த அதன் உறுப்பினர் தொகை இப்போது எட்டு இலட்சத்துக்கும் கீழ். பியூ ஆய்வு நிலையத்தின் கணிப்புகளின்படி, 2007இல் வயதுவந்த அமெரிக்கரில் 78 வீதமாக இருந்த கிறிஸ்தவர் 2023-24இல் 62 வீதம். எச்சமயமும் சாராதோர் 16இலிருந்து 29 வீதம். அங்கே பழைய புரட்டஸ்தாந்து சபையை விடுபவர் பெரும்பாலும் சமயமற்றவர் என்ற அடையாளத்துக்குள் செல்கிறார். யாழ்ப்பாணத்தில் அந்த இடம் இல்லை என்றே சொல்லலாம். கலியாணம், செத்தவீடு, காணி, சாதி யாவும் ஏதோ ஒரு சமயத்தின் பெயரில் நடப்பதால், தன் சபையை விட்டவர் சைவத்துக்கு மீள்கிறார், அல்லது அடுத்த வீதியிலுள்ள வேறொரு சபைக்குப் போகிறார்.