காட்டம் போய்க் கறுப்பு வந்தது

கின்னஸ் டிராஃப்ட் ஸ்டவுட்டில் ஆல்கஹால் ஏறத்தாழ 4.2 சதவீதம்தான். மஞ்சள் நிற லாகர் பல இதைவிடப் போதையானவை. ஆனாலும் கறுப்பாக இருப்பதால் இதைக் காட்டமான சரக்கு என்று நம்புகிறவர்கள் அதிகம். தப்பு அவர்களுடையது மட்டுமில்லை. 'ஸ்டவுட்' என்ற சொல்லே வழியில் பொருளை மாற்றிக்கொண்டது.

பழைய பிரெஞ்சில் அதன் மூலச்சொல்லுக்குத் துணிச்சல், செருக்கு என்று பொருள். செருக்கைச் சொல்லும் ஜெர்மன் 'ஷ்டோல்ட்ஸ்' இதற்கு உறவு. ஆங்கிலத்தில் அது வீரத்திலிருந்து உறுதிக்கும், உறுதியிலிருந்து உடல் பருமனுக்கும் இறங்கியது. 1677ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் பீருக்குப் பெயராக வருகிறது. காட்டமான பீர், அவ்வளவே. நிறத்தைப் பற்றிப் பேச்சில்லை. வெளிர்நிற ஸ்டவுட்டும் விற்றது. அதனால்தான் கருமையானதைத் தனியே 'பிரவுன் ஸ்டவுட்' என்று சொல்ல வேண்டியிருந்தது.

கறுப்பு வந்தது போர்ட்டர் வழியாக. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருவிலும் துறையிலும் மூட்டை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பழுப்பு பீருக்கு அவர்கள் பெயரே நிலைத்தது. அதில் காட்டமான வகை 'ஸ்டவுட் போர்ட்டர்'. நாளடைவில் போர்ட்டர் உதிர்ந்துபோய் அடைமொழி தனியாக நின்றது.

இதற்கிடையே ஹைட்ரோமீட்டர் என்ற, சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி பீர் ஆலைகளுக்குள் புகுந்து கணக்கைக் கலைத்தது. பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டில்தான் சர்க்கரை கூடுதலாக இறங்குகிறது என்று அது காட்டிவிட்டது. முதலாளிகள் மலிவான வழிக்கு மாறினார்கள், பீர் வெளுத்தது. கருக்கிய சர்க்கரையைக் கலந்து சமாளித்தவர்களை 1816ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மறு ஆண்டே டேனியல் வீலர், காப்பிக்கொட்டை வறுப்பது போல மால்ட்டை உருளையில் சுழற்றிக் கருக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அண்டா நிறைய வெளிர் மால்ட்டுக்குச் சிறிதளவு கறுப்பு மால்ட் போதும். இன்றைய ஸ்டவுட்டின் நிறம் வரிச்சட்டத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் பிறந்தது என்றால் மிகையில்லை.

லண்டன் சவுத்வர்க்கிலிருந்த திரேல் ஆலை (1781க்குப் பின் பார்க்ளே பெர்க்கின்ஸ்) ரஷ்ய அரசவைக்குக் கப்பலேற்றிய கடும் ஸ்டவுட்டுக்குப் பின்னாளில் 'இம்பீரியல்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போரில் தானியத் தட்டுப்பாடும் வரியும் பிரிட்டிஷ் பீரை நீர்க்க வைத்தன. நிறம் மட்டும் பிழைத்தது. காட்டம் வேண்டுமென்றால் இனி அந்தப் பட்டத்தைச் சேர்த்தே சொல்லியாக வேண்டும். இலங்கையில் அந்த அவசியமில்லை. முன்பு நுவரெலியாவில் தயாரான லயன் ஸ்டவுட் 8.8 சதவீதத்தோடு வெறும் 'ஸ்டவுட்' என்றே விலைபோகிறது.

வீட்டில் பீர் காய்ச்சப் பிரிட்டனில் இருந்த உரிமக் கட்டணம் 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் அதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். வீட்டுக் காய்ச்சல் அதன் பிறகு பரவியது. முதன்முறையாக இம்பீரியல் ஸ்டவுட்டில் கைவைப்பவருக்கு ஒரு சலுகை உண்டு: வறுத்த பார்லியின் கசப்பு சின்னச் சின்னக் குறைகளை மூடிவிடும். சங்கடம் ஈஸ்ட்டில்தான். 20 லிட்டருக்கு 8 கிலோ அளவு மால்ட் போட்டால் சாற்றின் அடர்த்தி 1.090ஐ எட்டும். ஒரே பொட்டலம் ஈஸ்ட் அதில் திணறும்; இரண்டு வேண்டும். சாறு 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். மறுநாள் பழுப்பு நுரை வாளியின் மூடியை முட்டும். மூடியில் வாயு வெளியேறச் செருகிய காற்றுப்பூட்டின் சின்ன ஓட்டையைத் தவிட்டு நிறச் சேறு அடைத்துக்கொள்ளும். அனுபவசாலிகள் முதலிலேயே பூட்டைக் கழற்றிவிட்டுத் தடித்த குழாயை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் ஜாடிக்குள் விட்டுவைப்பார்கள். இல்லையென்றால் கூரையைத் துடைக்க வேண்டியதுதான்.

சில வாரம் கழித்து ஹைட்ரோமீட்டர் 1.022 காட்டினால் ஏறத்தாழ 9 சதவீதம். ஈஸ்ட் பாதியில் சோர்ந்து 1.040இலேயே நின்றால் ஆறரைதான் தேறும். அமெரிக்கப் போட்டி விதிகளின்படி இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு 8 சதவீதமாவது வேண்டும். ஆறரை தேறிய பீரை, எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், 'ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்' பிரிவில்தான் நிறுத்திப் பார்க்கலாம். அங்கேயும் நடுவர்கள் மீந்த இனிப்பைக் குறை சொல்வார்கள்.