பஞ்சத்தில் உதவிய பின்னலூசி

மகளிர் கைவினைகளுள் குரோஷாப் பின்னல் எளிமை மிக்கது. பிரெஞ்சு மொழியில் 'குரோஷே' என்பதற்குச் சிறு கொக்கி என்பது பொருள். நுனி வளைந்த ஓர் ஊசியும் ஒரு நூலுருண்டையுமே இதற்கு வேண்டிய கருவிகள்.

கம்பளிச் சட்டை பின்னுவோர் இரண்டு ஊசிகளைக் கையாள்வர். ஒரு வரிசைக் கண்ணிகள் யாவும் ஊசியிலேயே நிற்கும். ஊசி நழுவினால் அத்தனையும் அவிழத் தொடங்கும். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரு கண்ணியே ஊசியில் நிற்பது. ஆதலின், அடுப்பில் பால் பொங்கும்போது வேலையைக் கீழே வைத்துவிட்டு எழலாம். மீண்டும் வந்து விட்ட இடத்தினின்று தொடரலாம். இல்லத்தரசியர் இதனை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இக்கலையின் பிறப்பிடம் அரபு நாடு என்பாரும் சீனம் என்பாரும் உளர். எனினும், அச்சில் கிடைத்துள்ள மிகப் பழைய செய்முறைகள் 1823இல் ஹாலந்தின் 'பெனலோப்பே' என்னும் மகளிர் இதழில் வெளிவந்தவையே. அந்நாளில் இது வசதியுடையோர் பொழுதுபோக்காக இருந்தது.

அதனை ஏழையரின் பிழைப்பாக மாற்றியது அயர்லாந்துப் பஞ்சம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. கிழங்கையே உணவாகக் கொண்ட உழவர் குடும்பங்கள் நிலை குலைந்தன. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு வெளியேறினர்.

அவ்வேளையில் கார்க் நகரையடுத்த பிளாக்ராக் கன்னியர் மடத்தினர் ஏழைச் சிறுமியர்க்கு இப்பின்னலைக் கற்பித்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில், சமய குரு ஒருவரின் மனைவியாகிய கசாண்டிரா ஹேண்ட் அம்மையார் 1847இல் ஓர் ஆசிரியையை வரவழைத்துப் பயிற்சி தொடங்கினார். வெனிஸ் நகரத்து ஊசிச் சரிகையைப் போன்ற அழகுப் பின்னலைக் கொக்கி ஊசியால் விரைவில் செய்ய முடிந்தது. குடிசையில் பின்னியவை பெருநகரச் செல்வர்களின் ஆடைகளை அணிசெய்தன. அக்கூலி குடிசைகளில் அடுப்பெரிய உதவியது.

ஆனால், முதல் உலகப் போருக்குப்பின் உடை நாகரிகம் மாறியது. பொறிகளும் மலிவான சரிகையைக் குவித்தன. அழகுப் பின்னலுக்கு இருந்த சந்தை சுருங்கியது.

சமையலறைப் பின்னலோ நிலைத்தது. ஈ மொய்க்காமல் பாற்குவளையை மூட வலைத்துணி பின்னி, காற்றில் பறவாதிருக்க அதன் ஓரத்தில் மணிகளைக் கோத்தனர். குளிர்ப்பெட்டி வந்தபின் அதன் தேவை குறைந்தது. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியும் தட்டுத் துடைக்கும் துணியும் இன்றும் பின்னப்படுகின்றன. பாத்திரம் பிடிக்கும் துணிக்குப் பருத்தி நூலே ஏற்றது. செயற்கை நூல் வெப்பத்தில் உருகும். நெருக்கமான கண்ணிகளிடையே தங்கும் காற்று சூட்டைத் தடுக்கும். துணி நனைந்திருந்தாலோ சூடு விரைந்து கையை எட்டும்.

பிறர் சுவையை நம்பிய தொழில் அச்சுவை மாறியதும் தளர்ந்தது; வீட்டுத் தேவைக்குச் செய்தது நின்றது. மாணவியர்க்குக் கைவினை பயிற்றும் ஆசிரியர்கள் பூவேலைக்கு முன் ஒரு சதுரத் துணியினின்று தொடங்குவது நன்று. அதற்குச் சங்கிலிக் கண்ணியும் ஒற்றைக் கண்ணியும் தெரிந்தால் போதும். முடித்த அன்றே அது வீட்டிற்குப் பயன்படும்.